கைப்பேசி தெரிந்தால் கணினி தெரியுமா?

"இந்தக் காலப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரணும்?" அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆம், சொல்லித்தான் தரணும்.

2001இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி, மாணவர்களை டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள் என்றும் ஆசிரியர்களைக் குடியேறியவர்கள் என்றும் பிரித்தார். அப்படிப் பிரிக்கப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே ஆஸ்திரேலியாவின் சூ பென்னட்டும் அவரது சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். எங்கள் கணினி ஆய்வகமும் அதையே சொல்கிறது.

பேருந்தில் வரும்போதே ரீல்ஸ் வெட்டி, இசை சேர்த்துப் பதிவேற்றும் மாணவி, எக்செலில் கூட்டுத்தொகையைக் கைப்பேசிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக் கட்டத்தில் அடிக்கிறாள். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறாள். சேமித்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். கைப்பேசியில் செயலியைத் திறந்தால் படம் தானே வந்து நிற்கும். கோப்பு இருக்கும் இடத்தை அவள் தேட வேண்டியே இருந்ததில்லை.

டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்த எங்கள் மூத்த பேராசிரியர் விசைப்பலகையைப் பாராமலே அடிப்பார். ஆண்டுவாரியாக ஃபோல்டர் வைத்திருப்பார். ஆனால் அவரது குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய முறை. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றித் தருவது மாணவர்கள்தான்.

வயதைவிடக் கையில் கிடைத்த கருவியே திறமையைத் தீர்மானிக்கிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியிலேயே பயன்பெற்று வந்தவர்கள் கோப்பு, ஃபோல்டர் பழகியே கல்லூரிக்குள் நுழைந்தார்கள். விநியோகம் தடைபட்ட ஆண்டுகளில் வந்த பலருக்குக் கைப்பேசி மட்டுமே கணினி. இரு தரப்பும் ஒரே வயதில்தான் எங்களிடம் வந்தார்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் எக்செல் கேட்பார்கள், ரீல்ஸ் கேட்கமாட்டார்கள். எனவே முதல் பருவத்திலேயே கோப்பு மேலாண்மை, எக்செல் சூத்திரம், மின்னஞ்சல் எழுதும் முறை ஆகியவற்றை எல்லாத் துறை மாணவர்களுக்கும் செய்முறையாகக் கற்றுக்கொடுங்கள். அதே வகுப்பில் ஆசிரியர்களும் உட்காரட்டும். தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுவதால் இழப்பு, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கே.