முதிர்வயதில் சதை கரைவது ஏன்? காப்பது எப்படி?



குயிலாப்பாளையத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் நமது வார்டுக்கு வருகிற வயதான ஆண்கள் பலர் ஒரே வார்த்தையைச் சொல்லுகிறார்கள்: "காலில் பெலன் இல்லை, ஐயா." வந்தது காய்ச்சலுக்காக இருக்கும், அல்லது சர்க்கரை வியாதிக்காக இருக்கும். கால் பெலவீனத்தை டாக்டரிடம் அவர்கள் சொல்லுவதில்லை. வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். கட்டிலின் அருகே உட்கார்ந்து பேசும்போதுதான் அது வெளியே வருகிறது. பிறகு ஒரு நாள் கிணற்றடியிலோ குளியலறையிலோ விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் பலர் பழையபடி நடக்கிறதில்லை.

இந்தப் பெலவீனத்தில் ஒரு பங்கு தவிர்க்கக்கூடியது. அதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையலறையிலும் திண்ணையிலும் செய்யக்கூடிய காரியம் அது. ஆகையால் இந்த இதழில் அதை விளக்கி எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

முதுமையில் தசை கரைவதற்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பெர்க் என்ற மருத்துவ அறிஞர் இந்தப் பெயரை முன்வைத்தார். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல. 'சார்க்ஸ்' என்றால் மாம்சம். 'பீனியா' என்றால் வறுமை. மாம்சத்தின் வறுமை என்பதே பொருள். இதை முதுமையின் சுபாவம் என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் விட்டுவைத்திருந்தது. 2016-இல்தான் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி எண் கிடைத்தது.

முப்பது வயதைத் தாண்டிய பின் பத்து ஆண்டுகளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சதை குறையும் வேகத்தைவிட பெலன் குறையும் வேகம் அதிகம். இளமையில் ஆண்களுக்குத் தசை அதிகம். ஆகையால் அவர்கள் இழக்கிற எடையும் அதிகம். இழந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால் சிலருக்கு உடல் மெலிவே தெரியாது. தொந்தி இருக்கும், தொடை சூம்பியிருக்கும்.

ஏன் கரைகிறது?

நம் தசை கல்லால் கட்டிய சுவரைப்போன்றதல்ல. அது குதிரைப்போன்றது. தினமும் நெல் உள்ளே போகும், தினமும் வெளியே எடுக்கப்படும். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருக்குமட்டும் குதிர் நிறைந்திருக்கும். தசைக்குள் போகிற நெல்தான் புரதம். உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும்படி சரீரத்துக்குக் கட்டளை கொடுப்பது இரண்டு: ஒன்று ஆகாரம், மற்றொன்று உழைப்பு.

வயதாகும்போது இந்தக் கட்டளை சரியாகக் காதில் விழுகிறதில்லை. வாலிபன் ஒரு வேளையில் 20 கிராம் புரதம் உண்டால் அவன் தசை உடனே வேலையைத் தொடங்கும். முதியவருக்கு அதே வேலை நடக்க 25 முதல் 30 கிராம் வரை தேவைப்படுகிறது. அதாவது, வயதானவருக்குப் புரதம் அதிகம் வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. மீன் துண்டும் முட்டையும் பேரப்பிள்ளையின் தட்டுக்குப் போகிறது. தாத்தாவுக்குக் கஞ்சியும் ஊறுகாயும் கிடைக்கிறது. பல சமயங்களில் தாத்தாவே தன் பங்கைப் பிள்ளைக்குத் தள்ளிவைக்கிறார். அது அன்பினால் செய்வது. பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது என்பதை நாம் அவருக்கு நினைப்பூட்ட வேண்டும்.

இன்னொரு காரணம் ஓய்வு. நம் பகுதி ஆண்கள் நிலத்திலும் கடலிலும் முந்திரித் தோப்பிலும் உழைத்தவர்கள். கவலை இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது. பிறகு மகன் பொறுப்பை ஏற்றான். "நீங்கள் உட்காருங்கள் அப்பா" என்று மரியாதையோடு சொன்னான். அன்று முதல் கட்டில்தான். அறுபது வருட உழைப்பில் சேர்ந்த தசையைச் சேமித்து வைக்க முடியாது.

படுக்கை எவ்வளவு விரைவில் தசையைக் கரைக்கும் என்பதற்கு 2007-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு சாட்சி. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று. இவர்கள் நோயாளிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆகையால்தான் நம் வார்டில் டாக்டர் அனுமதித்தவுடன் நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைக்கிறார்கள். "பாவம், எழுப்பாதீர்கள்" என்று கூட இருக்கிற உறவினர் சண்டைபோடுவதும் உண்டு. அவர்களுக்கு இதைப் பொறுமையாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவ்வளவு புரதம்?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு பரிந்துரை, வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 60 முதல் 72 கிராம் என்று கணக்கு வருகிறது.

இப்போது அவர் சாப்பாட்டைப் பார்ப்போம். நாளெல்லாம் கால் கிலோ அரிசி உண்டால் அதில் சுமார் 18 கிராம். சாம்பாரில் ஒரு பிடி பருப்பு, அதில் 6 கிராம். காப்பிக்கும் மோருக்குமாக ஒரு டம்ளர் பால், 5 கிராம். மொத்தம் 30 கிராம்கூட எட்டவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, தசை பட்டினி கிடக்கிறது.

மீதி 30 கிராமுக்கு எங்கே போவது? இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல். 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 8 கிராம். ஏறக்குறைய நிரம்பிவிட்டது. நூறு கிராம் மீன் கிடைத்த நாளில் அதிலேயே 18 முதல் 20 கிராம் வரை இருக்கிறது. அசைவம் உண்ணாதவர்களுக்கு மீல்மேக்கர் மலிவானது. 30 கிராமில் 15 கிராம் புரதம் உண்டு. வேர்க்கடலைக்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டி.எம்.வி.' ரகங்கள் நம் ஊர்ப் பெயரையே தாங்கியவை. ரேஷன் கடையில் துவரம் பருப்பும் மலிவு விலையில் கிடைக்கிறது.

புரதம் முழுவதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுங்கள். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுங்கள். வேர்க்கடலையைச் சட்னியாக அரைத்துக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனமாயிருக்க வேண்டும். சாராயம் பசியையும் கெடுக்கிறது, தசை கட்டப்படுவதையும் தடுக்கிறது.

உபவாச நாட்களைக் குறித்து ஒரு வார்த்தை

லெந்து காலத்தில் நம் முதியோர் பலர் நாற்பது நாளும் மீனும் மாம்சமும் முட்டையும் விலக்குகிறார்கள். அண்டை வீட்டு இந்து சகோதரர்கள் புரட்டாசி மாதத்தில் அசைவம் தொடுகிறதில்லை. பக்தியை நான் குறை சொல்லவில்லை. விலக்கியதற்கு ஈடாகப் பருப்பும் பயறும் பாலும் தட்டில் சேர வேண்டும் என்று மாத்திரம் கேட்கிறேன். வியாதியிலிருந்து எழும்புகிறவர் உபவாசிக்க வேண்டியதில்லை. கத்தோலிக்க திருச்சபையின் 1983-ஆம் ஆண்டு சட்டத்தொகுப்பும், உபவாசக் கடமை அறுபதாவது வயது தொடங்கும் வரையில்தான் என்று வரையறுத்திருக்கிறது. வயதானவரின் சரீரத்தைச் சபை நினைத்துப் பார்த்ததற்கு அது ஒரு அடையாளம்.

ஆகாரம் மாத்திரம் போதாது

பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு உலகத்தை ஆச்சரியப்படுத்தியது. தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரங்கள் கால்களால் பாரம் தூக்கிப் பழகினார்கள். முடித்தவர்களின் கால் பெலன் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 1994-இல் அவரே நூறு முதியோரிடம் இன்னொரு ஆய்வு நடத்தினார். உடற்பயிற்சி செய்தவர்களுக்குப் பெலன் இரட்டித்தது. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மாத்திரம் குடித்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. செங்கல்லை இறக்கிவைத்தால் மட்டும் வீடு எழும்பாது, கொத்தனாரும் வேண்டும் அல்லவா?

நடைப்பயிற்சி இருதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையைப் பெலப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாட்களாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. வீட்டிலே இவற்றைச் செய்யலாம்:

1. கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருதல். முடியாதவர் முதலில் கையூன்றித் தொடங்கலாம்.
2. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முன்சாய்ந்து தள்ளுதல், பத்துமுறை.
3. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்.
4. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி மடக்குதல். அதில் ஒரு கிலோ பாரம் உண்டு.
5. பக்கத்தில் ஒருவர் நிற்க, ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்றல்.

இலகுவானபின் எண்ணிக்கையையோ பாரத்தையோ சிறிது கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் தசை வளராது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்களும், இருதய நோயாளிகளும் பயிற்சிக்கு முன் ஆலோசனை கேட்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்துமுறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் எச்சரிக்கை என்று ஆசிய நிபுணர் குழு 2019-இல் அளவு வைத்தது. இன்னொன்று: இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, அவரே தன் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கட்டும். விரல்கள் தொட்டு, உள்ளே இடைவெளியும் இருந்தால் தசை குறைந்திருக்கலாம். அவரை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

உங்கள் சபையில் வியாதிப்பட்ட முதியவரைப் பார்க்கப் போகும்போது வழக்கம்போல் ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்காதிருங்கள். ஆறு முட்டையும் கால் கிலோ வேர்க்கடலையும் கொண்டுபோங்கள். அவரோடு பேசிவிட்டுப் புறப்படும்போது, "வாசல்வரை வந்து வழியனுப்புங்கள்" என்று கேளுங்கள். அவர் எழுந்து நடந்து வரட்டும். நீங்கள் கூடவே மெதுவாய் நடங்கள்.