இளநீரில் முளைத்த கேரட்

இளநீர் என்று நாம் உறிஞ்சிக் குடிப்பது தென்னங்கருவுக்காகச் சேர்த்துவைத்த சாப்பாட்டை. பாளையில் ஒரு பெண்பூ கருவுற்றதும் உள்ளே கருவும், அதற்கு ஊட்டமான கருவூணும் சேர்ந்தே தொடங்குகின்றன. கரு அவசரப்படுவதில்லை. கருவூண்தான் முந்திக்கொண்டு பெருகும். அதன் உட்கருக்கள் பிரிந்துகொண்டே போக, நடுவில் செல்சுவர் எழும்புவதில்லை. அதனால் நீராகக் கிடக்கிறது. பிறகு ஓரமாகச் சுவர் எழும்பி வழுக்கை படிகிறது.

இந்தச் சாப்பாடு வேறு செடியின் கருவுக்கும் ஒத்துக்கொள்ளுமா? 1941-ல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தங்காயைக் கீறி, முதிராத கருக்களை எடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். சர்க்கரையும் உப்புகளும் கொடுத்தும் மிகச் சிறிய கருக்கள் தேறவில்லை. தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் வளர்ந்தன.

அது ஏற்கெனவே உருவான கரு. கரு என்ற பேச்சே இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்க முடியுமா என்பது இன்னும் பெரிய கேள்வி. தனிச் செல்லிலிருந்து கருவை எழுப்பலாம் என்று 1902-லேயே சொன்னவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட். அவர் வளர்த்த செல்கள் உயிரோடு இருந்தன, பிரியத்தான் இல்லை.

1958-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட், கேரட் கிழங்கின் சின்னஞ்சிறு துணுக்குகளைத் தேங்காய்த் தண்ணீர் கலந்த கரைசலில் போட்டு, குடுவைகளை மெதுவாகச் சுழலவிட்டார். துணுக்குகள் பருத்தன. உதிர்ந்த செல்கள் தனியே மிதந்து, பிரிந்து, சிறு திரள்களாகி வேர்விட்டன. அகார் என்ற கூழின்மேல் எடுத்துவைத்ததும் குருத்து வந்தது. கடைசியில் முழுக் கேரட் செடி! ஜெர்மனியில் ரைனர்ட்டும் ஏறக்குறைய அதே சமயத்தில் கேரட் திசுவிலிருந்து கருக்களைக் கண்டார்.

நுண்ணோக்கியில் இதைப் பார்க்க வேண்டும். முதலில் ஓர் உருண்டை. மேலே இரண்டு வித்திலைகள் புடைத்ததும் இதய வடிவம். பிறகு நீண்டு டார்பிடோ போலாகிறது. விதைக்குள் இருக்கும் கரு எடுக்கும் உருவங்களும் இவையே, வரிசைகூட மாறாது. மகரந்தம் இல்லை, சூல் இல்லை. பொரியலுக்குப் போகவேண்டிய கிழங்கின் செல்லுக்கு இந்த வரிசை எப்படித் தெரிந்தது? முழுச் செடிக்கான மரபணுக்களும் அதனுள் இருந்தன. கிழங்கில் இருக்கும்வரை அவற்றில் பல அடங்கிக் கிடந்தன, அவ்வளவுதான்.

எழுப்பும் சூட்சுமம் பின்னால்தான் பிடிபட்டது. 2,4-டி இருக்கும்வரை கேரட் செல்கள் திரளாகப் பெருகும். அதை நீக்கினால் கருவாகத் திரும்பும். நெல்வயலில் களைக்கொல்லியாக அடிக்கிறோமே, அதே 2,4-டி. அளவு குறைந்தால் ஹார்மோனாக வேலைசெய்யும், கூடினால் விஷம். தேங்காய்த் தண்ணீரில், செல் பிரிவைத் தூண்டும் சியாட்டின் போன்ற சைட்டோகைனின்கள் இருப்பதும் பிறகு தெரியவந்தது. (நாம் வாங்கி நடும் திசு வாழை பெரும்பாலும் கரு வழியாக வருவதில்லை. அது குருத்து நுனியைப் பெருக்கி எடுப்பது.)

இத்தனைக்கும் உதவிய தென்னை, தன் விஷயத்தில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. பக்கக்கன்று விடாத மரம் என்பதால் நல்ல மரத்தை அப்படியே பெருக்கத் திசு வளர்ப்புதான் வழி. ஆனால் தென்னந்திசு குடுவையில் பழுப்பேறிக் கெடுகிறது. அதைத் தடுக்கக் கரித்தூள் சேர்த்தால், கரி 2,4-டியையும் சேர்த்து உறிஞ்சிவிடும். செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே பிடிபடாது. இலங்கையில் லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் கருவுறாத பூவின் சூலகத்திலிருந்து கருக்களை எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். இருந்தும் வாழைக்கன்று போல மலிவாகத் தென்னங்கன்று இன்னும் வரவில்லை.

ஆனால் ஏற்கெனவே உருவான கருவைக் குடுவையில் வளர்ப்பது தென்னையிலும் கைகூடியது. பிலிப்பைன்ஸில் மகாபுனோ என்றொரு தேங்காய் உண்டு. தண்ணீருக்குப் பதில் ஓடு நிறையக் குழைந்த பருப்பு. இனிப்புக்கடையில் ஏக கிராக்கி. அதன் கருவில் குறை எதுவுமில்லை, ஆனால் அந்தக் குழைந்த பருப்பால் கருவுக்கு ஊட்ட முடியாததால் காய் முளைப்பதில்லை. 1960-களில் எமெரிட்டா டி குஸ்மான் கருவை மட்டும் தோண்டியெடுத்து, குடுவையில் ஊட்டி வளர்த்தார். அப்படி வளர்ந்த மரம், பக்கத்தில் சாதாரணத் தென்னை நிற்காவிட்டால், பெரும்பாலும் மகாபுனோவாகவே காய்க்கிறது.