ஆறு வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்

சாப்பாட்டு மேசையில் ஒருவர் மட்டும் எப்போதும் கடைசியாக எழும்புவார். இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். பாணின் கரையைத் தொடமாட்டார். சில நாட்களில் சோறு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது என்று பாதியில் எழுந்து போவார். "அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார்" என்று வீட்டுக்காரர் பழகிவிடுவார்கள். அப்படியே ஆண்டுகள் ஓடிவிடும்.

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் இரைப்பை, குடல் மருத்துவராக இருந்த அலெக்ஸ் ஸ்ட்ராவுமன், இப்படிப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றி 1994இல் சுவிஸ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். உணவுக்குழாயின் சுவரில் இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்து கிடந்தன. சாதாரண உணவுக்குழாயில் அவை இருப்பதே இல்லை. அமெரிக்காவிலிருந்தும் அதற்கு முந்திய ஆண்டு இதே போன்ற விவரிப்பு வந்திருந்தது. இயோசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி தனியொரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது இவற்றுக்குப் பிறகுதான். ஓல்டன் வட்டாரத்தில் 20 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தபோது, ஒரு லட்சம் பேரில் சுமார் 43 பேருக்கு இந்த நோய் இருந்தது. 200 சுவிஸ் நோயாளிகளைப் பற்றிய இன்னொரு ஆய்வு, முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறியப்படுவதற்கும் இடையில் நடுமதிப்பாக ஆறு ஆண்டுகள் கழிந்திருந்ததைக் காட்டியது. தாமதம் கூடக் கூட உணவுக்குழாய் தழும்பேறிக் குறுகியிருந்தது.

கறாராகச் சொன்னால் இது தன்னுடல் தாக்கு நோய் அல்ல. உடம்பு தன்னையே தாக்கவில்லை, உணவில் உள்ள புரதத்தைக் கண்டு கொதிக்கிறது. ஆனாலும் விலக்கு உணவுமுறை என்றால் என்ன, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை இங்கே குற்றவாளியை நம்பகமாகக் காட்டித் தருவதில்லை. சாப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2006இல் சிகாகோ மருத்துவர்கள் குழந்தைகளிடம் ஆறு வகை உணவுகளை ஒருசேர நிறுத்திப் பார்த்தார்கள்: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீனும் இறால் நண்டு வகைகளும். ஆறு வாரத்துக்குப் பின் குழாய் விட்டுத் திசு எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலான குழந்தைகளிடம் அழற்சி அடங்கியிருந்தது. வேலை அதோடு முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பார்த்து, எது தீங்கு செய்கிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். நிறுத்துவது முன்னேற்பாடு. திரும்பச் சேர்ப்பதுதான் சோதனை. நம்மிடையே விலக்கு உணவுமுறை தொடங்கிய பலர் இந்த இரண்டாம் பாதிக்கு வருவதே இல்லை. பால் இல்லை, கோதுமை இல்லை, முட்டை இல்லை என்று ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். மூன்றில் எது காரணம், எதுவுமே காரணமா என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆறையும் நிறுத்தத்தான் வேண்டுமா? 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு 129 பேரை இரண்டு பிரிவாக்கியது. பால் மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதத்தினருக்கும், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதத்தினருக்கும் திசு தெளிந்தது. இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. அப்படியானால் பாலை மட்டும் நிறுத்தித் தொடங்குவது போதும். பாலும் பாற்கட்டியும் தயிரும் இல்லாமல் ஆறு வாரம் இருப்பது சொதியும் மீன்குழம்பும் வைக்கும் வீட்டில் அவ்வளவு பெரிய காரியமில்லை. தேங்காய்ப்பால் இருக்கிறதே.

தன்னுடல் தாக்கு நோய்களில், உணவை விலக்கினால் நோய் அடங்கும் என்று உறுதியாக நிரூபணமானது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரை அழிக்க உடம்பைத் தூண்டுகிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைதான் காரணம் என்று பல ஆண்டுகள் நோயாளிக் குழந்தைகளைக் கவனித்து, 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இங்கே ஆறு வாரக் கணக்கு செல்லாது. நோய் உறுதியானால் விலக்கு வாழ்நாள் முழுவதற்கும்.

தமிழருக்கு இது வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் 23 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதத்தினரிடமும் தெற்கில் 0.10 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. இந்த இடைவெளிக்கு மரபணு வித்தியாசத்தைவிடக் கோதுமையே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமையோடு ஒப்பிட்டால் தெற்கில் சாப்பிடுவது மிகச் சொற்பம். சோற்றையும் குரக்கனையும் விட்டுக் காலையில் பாண், மதியம் பாஸ்டா, மாலையில் ரோல்ஸ் என்று மாறிய சுவிஸ் தமிழ்க் குடும்பம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சீலியாக் இரத்தப் பரிசோதனை செய்யும்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடல் ஆறத் தொடங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். முதலில் பரிசோதனை, பிறகு விலக்கு. இந்த வரிசை மாறக்கூடாது.

நோய் உறுதியானவர் தம் சமையலறையை எப்படிப் பார்க்க வேண்டும்? அரிசி, உழுந்து, குரக்கன், ஒடியல் மா எல்லாவற்றிலும் இயல்பாகவே குளூட்டன் இல்லை. வேறு மா கலக்காமல் இருந்தால் போதும். ஒடியற்கூழ் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் மென்மைக்காக அவித்த கோதுமை மா கலந்து புட்டும் இடியப்பமும் செய்கிற வீடுகள் ஏராளம். கொத்து ரொட்டியும் சேமியாவும் ரவையும் கோதுமைதான். சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது. மோல்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. யாரும் சந்தேகிக்காத இடம் பெருங்காய டப்பா. தூளாக விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும். ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் சீலியாக் நோயாளிக்கு அது கோதுமைதான்.

சுவிஸ் சட்டப்படி பொதி செய்த உணவில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். வைட்சன் என்றால் கோதுமை, கெர்ஸ்ட்ட பார்லி, ரோகன் ரை. டிங்கல் என்ற தானியம் நல்லது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அதுவும் கோதுமை இனமே.

வயிறு ஊதி, வலித்து, கழிவறைக்கு ஓட வைக்கும் எரிச்சல் குடல் நோய் வேறு கதை. இதில் குடல் அழிவதில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்த ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை, குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் மாச்சத்துக்களைச் சில வாரங்கள் ஒதுக்கி, பிறகு வகை வகையாகத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறது. வெங்காயமும் உள்ளியும் பட்டியலின் உச்சியில் நிற்கின்றன. தமிழ்ச் சமையலில் இவை இரண்டும் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளியில் தொல்லை தரும் மாச்சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உள்ளிப் பல்லை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பல்லை எடுத்து வீசிவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு தாளித்தால் வாசம் கறிக்கு வரும், வயிறும் தாங்கும்.

மற்ற தன்னுடல் தாக்கு நோய்களில் சான்று இன்னும் மெலிந்தது. தானியம், பருப்பு, பால், முட்டை, தக்காளி, மிளகாய் என்று எல்லாவற்றையும் நிறுத்தும் தீவிர முறை ஒன்றை, குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரிடம் 2017இல் சோதித்தார்கள். ஆறாம் வாரத்தில் 11 பேருக்கு அறிகுறி தணிந்திருந்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை, பலர் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு மூட்டுவாதத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது. மூட்டு தேய்ந்தால் திரும்ப வராது.

சில நூறு பிராங் வாங்கிக்கொண்டு, இரத்தத்தில் ஐஜிஜி பார்த்து, நாற்பது உணவுகள் ஆகாது என்று பட்டியல் தரும் சோதனைகளும் உண்டு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. அந்த எண் நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் காட்டுகிறது. வளரும் பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ அந்தப் பட்டியலை நம்பிப் பாலையும் பருப்பையும் மீனையும் நிறுத்தினால் சத்துக் குறைபாடு வந்து சேரும்.

அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தேவையும் இல்லை. செரிமான நோய்க்கும் உணவு ஒவ்வாமைக்கும் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால், உணவு ஆலோசகரிடம் ஒரு கடிதத்துக்கு ஆறு அமர்வுகள் வரை அடிப்படைக் காப்புறுதி ஏற்றுக்கொள்கிறது. உங்கள் ஆண்டுத் தன்பங்குத் தொகை வழக்கம்போலப் பொருந்தும். அந்த ஆலோசகருக்குப் புட்டு எப்படி அவிகிறது என்று தெரியாமல் இருக்கலாம். ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி, மாப் பைகளையும் பெருங்காய டப்பாவையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். எதையும் நிறுத்துவதற்கு முன்னால் போங்கள்.