நெஞ்சுப் படம் நாளையைச் சொல்லுமா?

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருக்கு முதலில் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று நெஞ்சு எக்ஸ்ரே. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடலாம். ‘இவருக்கு என்ன நோய்?’ என்பது முதல் கேள்வி. ‘இவர் அடுத்த வாரம் எப்படி இருப்பார்?’ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை காண எக்ஸ்ரே நூறாண்டுகளுக்கும் மேலாக உதவி வருகிறது. இரண்டாவது கேள்விக்கும் அது விடை சொல்லுமா? கொவிட்-19 காலத்தில் உலகெங்கும் ஆய்வாளர்கள் இதற்கு முயன்றார்கள். நம் சாங்கி பொது மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. அம்முயற்சி எப்படிப்பட்டது, அதை எந்த அளவு நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறுப்பும் வெள்ளையும்

எக்ஸ்ரே கதிர்கள் காற்றை எளிதில் ஊடுருவிச் செல்லும். எலும்பு அவற்றைத் தடுக்கும். ஆகவே படத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. கிருமித்தொற்றால் அவற்றில் நீரும் அழற்சிக் கழிவும் சேரும்போது காற்று இருக்க வேண்டிய இடம் அடைபடுகிறது. படத்தில் அந்த இடம் வெளுக்கிறது.

இந்த வெளுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிடி ஸ்கேனில், பனி படர்ந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல மங்கலாகவும், அதனூடே இரத்தக் குழாய்கள் தெரியும்படியாகவும் இருந்தால் காற்றறைகள் ஓரளவே நிறைந்துள்ளன என்று பொருள். இரத்தக் குழாய்களும் மறையும் அளவுக்கு வெளுத்துவிட்டால் பாதிப்பு முற்றியுள்ளது எனலாம். சிடி ஸ்கேனும் எக்ஸ்ரே கதிர்களைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத சிறு மங்கல்களையும் காட்டிவிடும். கதிர்வீச்சும் செலவும் அதில் அதிகம்.

சார்ஸ் கற்பித்தது

அது 2003ஆம் ஆண்டு. மார்ச் மாதம் 1ஆம் தேதி டான் டோக் செங் மருத்துவமனையில் ஒரு நோயாளி சேர்க்கப்பட்டதிலிருந்து சிங்கப்பூரில் சார்ஸ் பரவத் தொடங்கியது. மே மாத இறுதியில் நாடு அதிலிருந்து விடுபட்டபோது 238 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். 33 பேர் உயிரிழந்திருந்தனர். அப்போது எக்ஸ்ரேயின் முதன்மையான வேலை நோயை உறுதிசெய்வது. ‘சந்தேகத்திற்குரியவர்’ என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவரின் எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தால் அவரை ‘சார்ஸ் இருக்கக்கூடியவர்’ என்ற அடுத்த படிக்கு மாற்ற வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை கூறியது.

ஆனால் சார்ஸ் மற்றொன்றையும் கற்பித்தது. பலருக்கு முதல் சில நாள்களில் படம் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் வாரத்தில்தான் நிலைமை மோசமானது. கொவிட்-19 நோயிலும் இப்போக்கு காணப்பட்டது. நோய் தொடங்கிச் சுமார் 10ஆம் நாளில் நுரையீரல் பாதிப்பு உச்சத்தைத் தொடுவதாக 2020இல் சீனாவிலிருந்து வந்த சிடி ஆய்வுகள் காட்டின. ஆகவே, படம் எடுக்கப்பட்டது நோயின் எத்தனையாவது நாள் என்று தெரியாமல் அப்படத்தைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. 3ஆம் நாளில் தெளிவாக இருக்கும் படம் ஆறுதல் தராது. 12ஆம் நாளில் அதே தெளிவு இருந்தால் பெரிய ஆறுதல்.

படத்துக்கு மதிப்பெண்

‘கொஞ்சம் மோசம்’, ‘ரொம்ப மோசம்’ என்று சொல்வதைவிட எண்ணால் சொன்னால் ஒப்பிடுவது எளிது. இத்தாலியின் பிரேசியா நகர மருத்துவர்கள் 2020இல் ‘பிரிக்ஸியா’ என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நுரையீரலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள். மொத்தம் 18. மதிப்பெண் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

சிடி ஸ்கேனுக்கு வேறொரு முறை பரவலாயிற்று. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என்று மொத்தம் 25 மதிப்பெண். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது, தமிழ்நாட்டில் உறவினர்கள் உள்ள நம் வீடுகள் பலவற்றில் இந்த எண் புழங்கியது. “மாமாவுக்கு ஸ்கேன் எடுத்தாங்க, 25க்கு 9” என்று செய்தி வரும். 9 நல்லதா, கெட்டதா என்று தெரியாமல் குடும்பமே கலங்கும். இலேசான அறிகுறி உள்ளவர்கள் சிடி எடுப்பதில் பயனில்லை என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா 2021 மே மாதத் தொடக்கத்தில் வெளிப்படையாக எச்சரிக்கும் அளவுக்கு அந்த ஸ்கேன் மோகம் பரவியிருந்தது.

சாங்கியில் ஒரு கணிப்புப் பொறி

மதிப்பெண் போட மனிதக் கண் வேண்டும். அந்த வேலையைக் கணினிக்குக் கற்பித்தால் என்ன? சாங்கி பொது மருத்துவமனை, அப்போது ஐஹிஸ் என்றும் 2023 முதல் சினாப்ஸ் என்றும் அழைக்கப்படும் பொதுச் சுகாதாரத் துறையின் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து ‘கேப்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியது. இது 2021இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே தொற்றும் நிமோனியா, கொவிட்-19 ஆகிய இரண்டுக்குமான கருவி இது. 3,000க்கும் மேற்பட்ட நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி தரப்பட்டது.

இக்கருவி ஒரு படத்தைப் பார்த்து மூன்று கணிப்புகளைத் தருகிறது: இவர் சில நாள்களிலேயே வீடு திரும்பக்கூடியவரா, இவருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படுமா, உயிருக்கு ஆபத்து எவ்வளவு. இதன் பயன் வெளிப்படை. படுக்கைகள் நிரம்பி வழியும் நாளில், யாரை முதலில் கவனிப்பது, யாரைக் கண்காணிப்பில் வைப்பது என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அது இரண்டாவது கருத்தாக அமையக்கூடும். முடிவெடுப்பவர் மருத்துவர்தான்.

யாருடைய படங்கள்?

இத்தகைய கருவி எப்படிக் கற்கிறது? நான் படித்த மலேசியத் தமிழ்ப்பள்ளியில், யூபிஎஸ்ஆர் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன் நடக்கும் முன்னோட்டத் தேர்வைத் திருத்தியதும் யாருக்கு எத்தனை ‘ஏ’ கிடைக்கும் என்று ஆசிரியர்கள் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அதே பள்ளியில், அதே தேர்வை எழுதிய பல ஆண்டு மாணவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதே ஆசிரியரை வேறொரு பள்ளிக்கு மாற்றினால் முதல் ஆண்டில் அவருடைய கணிப்பு தடுமாறும். கணினியும் அப்படித்தான். ஒருவருடைய படத்தில் அது எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. ‘இதைப் போன்ற படம் உடைய முந்தைய நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று?’ என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே, அந்த முந்தைய நோயாளிகள் யார் என்பதே முக்கியமான கேள்வி.

இக்கேள்வியைக் கேட்காததால் நேர்ந்த விளைவை 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஒரு மதிப்பாய்வு அம்பலப்படுத்தியது. நெஞ்சுப் படங்களைக் கொண்டு கொவிட்-19 நோயைக் கண்டறியவோ கணிக்கவோ முயன்ற ஆய்வுகளுள் 62ஐ அவர்கள் விரிவாக ஆராய்ந்தனர். அவற்றில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லை. சில ஆய்வுகளில் கொவிட் நோயாளிகள் பெரியவர்கள். ஒப்பிடப் பயன்படுத்திய மற்ற படங்களோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. கணினி கொவிட்டைக் கண்டுபிடிக்கவில்லை, குழந்தையையும் பெரியவரையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டது! வேறு சில கருவிகள் நோயாளி நின்றாரா, படுத்திருந்தாரா என்பதைப் பிடித்துக்கொண்டன. எழ முடியாத நோயாளிக்குப் படுத்த நிலையில் படம் எடுப்பது வழக்கம் அல்லவா?

தரவு சரியாக இருந்தாலும் இடம் மாறினால் பொருள் மாறும். 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் எக்ஸ்போவும் சாங்கி கண்காட்சி நிலையமும் சமூகப் பராமரிப்பு இடங்களாக மாற்றப்பட்டன. இலேசான பாதிப்புள்ளவர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டனர். அவர்களில் பலர் தங்குவிடுதிகளிலிருந்து வந்த வெளிநாட்டு ஊழியர்கள். நம் மொழி பேசும் சகோதரர்களும் அவர்களில் இருந்தனர். தங்குவிடுதி ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. பெரும்பாலோர் இளையர் என்பதால் கடுமையாக நோயுற்றவர்கள் மிகக் குறைவு.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கருவி 100க்கு 80 முறை சரியாகச் சொல்கிறது என்று கொள்வோம். 1,000 இளைய ஊழியர்களில் 20 பேர் கடுமையாக நோயுறப் போகிறார்கள். கருவி அவர்களில் 16 பேரைச் சரியாகச் சுட்டும். மற்ற 980 பேரில் 196 பேரைத் தவறாகச் சுட்டும். ஆக, ‘ஆபத்து’ என்று அது சொல்லும் 212 பேரில் 16 பேருக்கு மட்டுமே உண்மையில் ஆபத்து. அதே கருவியை 300 பேர் கடுமையாக நோயுறப்போகும் 1,000 முதியவர்களிடம் பயன்படுத்தினால், அது சுட்டும் 380 பேரில் 240 பேருக்கு உண்மையாகவே ஆபத்து. கருவி ஒன்றுதான், அதன் சொல்லுக்குள்ள மதிப்பு வேறு. தடுப்பூசி வந்த பிறகும், கிருமி உருமாறிய பிறகும் இக்கணக்கு மீண்டும் மாறும்.

படம் மட்டும் போதுமா?

பிரிட்டனில் 35,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2020இல் ‘4சி’ என்ற கணிப்பு முறை உருவாக்கப்பட்டது. வயது, பாலினம், பிற நோய்கள், மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, சுயநினைவு, இரண்டு இரத்தப் பரிசோதனைகள் ஆகிய எட்டே விவரங்கள் போதும். அதில் நெஞ்சுப் படமே இல்லை! இருந்தும் அது நன்றாகவே கணித்தது. படம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கட்டிலருகே எளிதாகக் கிடைக்கும் விவரங்களைவிடக் கூடுதலாகப் படம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு கருவியும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே பொருள்.

எளிய கருவிகளும் குறையற்றவை அல்ல. 2021இல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரின் வீடுகளுக்கு ஆக்சிமீட்டர் வழங்கியது நினைவிருக்கலாம். விரலில் மாட்டும் அக்கருவி கருந்தோல் உடையவர்களிடம் ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மறைந்திருந்த ஆக்சிஜன் குறைபாட்டை அது தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். ‘யாரை வைத்துச் சோதித்தார்கள்?’ என்ற கேள்வி நமக்கும் உரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், மருத்துவம் கற்றவர் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செயல்பட வேண்டும் என்கிறார். நெஞ்சுப் படம் இம்மூன்றில் நடுவில் உள்ளதை மட்டுமே, அதாவது நோயின் அளவை மட்டுமே காட்டுகிறது. மற்ற இரண்டும் படத்துக்கு வெளியே உள்ளன.

அடுத்த முறை ஊரிலிருந்து ‘25க்கு இத்தனை’ என்று செய்தி வந்தால், நாம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்? அவருக்கு என்ன வயது, வேறு என்ன நோய் உள்ளது? இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. மருத்துவமும் கணினியியலும் பயிலும் நம் மாணவர்கள் நாளை இத்தகைய கருவிகளை உருவாக்கும் இடத்தில் இருப்பார்கள். பயிற்சித் தரவில் முதியவரும் இளைய ஊழியரும், எல்லா நிறத்தவரும் இடம்பெற்றிருக்கிறார்களா என்று முதலில் கேட்பவர்களாக அவர்கள் இருக்கட்டும்.