கைபேசி முந்திக்கொண்ட வகுப்பறை

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி ஆறாம் வகுப்பில்தான் பாடமாக நுழைகிறது. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் ஆறாம் வகுப்பு அறிவியலின் முதற்பருவத்தில் கணினி அறிமுகமும், இரண்டாம் பருவத்தில் கணினியின் பாகங்களும் அலகுகளாக வைக்கப்பட்டன. கணினிக்கு இடவேண்டிய கட்டளைகளை வரிசைப்படுத்தி எழுதும் நிரலாக்கப் பயிற்சியை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளுக்கே உரியதாக்கியது. செயற்கை நுண்ணறிவையும் ரோபோட்டிக்சையும் பள்ளிக்குக் கொண்டுவர மாநில அரசு 2025இல் வகுத்த டிஎன் ஸ்பார்க் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கோ கணினியும் இணையப் பாதுகாப்பும் தனிப் பாடமாக இல்லை. ஆனால் கைபேசி அந்தக் குழந்தைக்காக ஆறாம் வகுப்பு வரை காத்திருக்கவில்லை.

இந்த இடைவெளி சேலம், நாமக்கல் சமவெளியில் கூடுதலாகவே உறைக்கும். அதற்குக் காரணம் இப்பகுதியின் தொழில்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு அமைக்கப் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. நாமக்கல் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் இரவு ஷிப்டும் உண்டு. தந்தை வாரக்கணக்கில் வெளியூரில் இருக்க, தாயும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தைகள் அம்மாயியிடமோ அப்பத்தாவிடமோ வளர்வதும், தந்தையின் முகத்தைக் கைபேசித் திரையில் பார்ப்பதும் இயல்பாகிவிட்டன. தொற்றுக்காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இருபது மாதங்களில் படிப்பின் பொருட்டு வீட்டுக்குள் வந்த கைபேசி, படிப்பு பள்ளிக்குத் திரும்பிய பின்னும் வீட்டிலேயே தங்கிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் முதியவருக்கு வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லவும், சிலிண்டர் பதிவுசெய்யவும் நான்காம் வகுப்புப் பேரனே உதவுகிறான் என்றால், குடும்பத்தின் கணினி இயக்குநர் பொறுப்பு எவ்விதப் பயிற்சியும் இல்லாமல் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள்.

கருவிகள் தொடக்கப்பள்ளிகளுக்கும் வராமலில்லை. அரசு தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கவும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் வழங்கவும் மாநில அரசு 2024இல் திட்டங்களைத் தொடங்கியது. திறன்மிகு வகுப்பறை என்பது இணைய இணைப்புள்ள பெரிய திரையில் படமும் ஒலியுமாகப் பாடம் நடத்தும் ஏற்பாடு. தாவரத்தின் பாகங்களையோ கோள்களின் சுழற்சியையோ காட்ட அது பெரிதும் உதவும். கணினியைக் கற்பிக்க அது மட்டும் போதாது, ஏனெனில் திரைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழந்தை அங்கும் பார்வையாளராகவே இருக்கிறது. தனியார் பள்ளிகளில் பல முதல் வகுப்பிலேயே கணினிப் புத்தகம் கொடுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மவுஸ், கீபோர்டு, மானிட்டர் என்று பாகங்களின் பெயர்களையும் சார்லஸ் பாபேஜின் பெயரையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் குழந்தை, கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை அதனால் அறிந்துவிடாது.

அதை அறிய மின்சாரம்கூடத் தேவையில்லை என்பதை நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களில் செய்து காட்டினர். கணினி இல்லாமலே கணினியியலின் கருத்துகளை விளையாட்டாகக் கற்பிக்கும் அவர்களது முறையில் ஐந்து அட்டைகள் போதும். அவற்றில் முறையே 1, 2, 4, 8, 16 புள்ளிகள் இடப்பட்டிருக்கும். ஐந்து குழந்தைகள் ஆளுக்கோர் அட்டையுடன் நின்று, ஆசிரியர் 11 என்றதும் 8, 2, 1 என்ற அட்டைகளைக் காட்டி மற்ற இரண்டையும் திருப்பிப் பிடித்தால் விடை வந்துவிடும். இப்படியே பூச்சியத்திலிருந்து 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். காட்டுவது, மறைப்பது என்ற இரண்டே நிலைகளால் எண்களைக் குறிக்கும் இம்முறைக்கு இருமஎண் முறை என்று பெயர். கைபேசிக்குள் இருக்கும் எழுத்தும் படமும் பாட்டும் இவ்வாறே எண்களாக்கப்பட்டவை என்பது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டக்கூடிய செய்திதான்.

தமிழ்நாட்டு வாசலில் இதற்கு இன்னும் நெருக்கமான பாடம் ஒன்று உண்டு. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், கோல வடிவங்கள் உருவாகும் முறையைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தினாலே சிறு கோலம் பெருங்கோலமாக விரியும் என்பது அதன் அடிப்படை. புள்ளிக்கோலத்தைப் படிப்படியான கட்டளைகளாக ஒரு குழந்தை சொல்ல, இன்னொன்று கேட்டபடியே வரைந்து, கோடு தவறும் இடத்தில் எந்தக் கட்டளை பிழையானது என்று இருவரும் தேடினால், அதுவே நிரல் எழுதுதலும் பிழை திருத்தலும் ஆகும். இதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

இயங்கும் முறையைக் கற்பிக்கும் இப்பாடத்திலிருந்துதான் பாதுகாப்பும் பிறக்கவேண்டும். ‘இணையத்தில் படம் அனுப்பாதே’ என்ற தடையைக் குழந்தை நாளடைவில் மறந்துவிடும். அனுப்பிய படம் எண்களாகப் பிரதியெடுக்கப்பட்டு வேறொருவர் கருவியில் தங்கிவிடுகிறது, தன் கைபேசியில் அழித்தாலும் அங்கே அழியாது என்று புரிந்துகொண்ட குழந்தை, யாரும் சொல்லாமலே தயங்கும். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு: முன்பு எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைக் கணக்கிட்டு, எதைக் காட்டினால் மேலும் பார்ப்பார்கள் என்று நிரல் ஊகிக்கிறது, பார்க்கும் நேரம் கூடக்கூட நிறுவனத்துக்கு விளம்பர வருமானமும் கூடுகிறது. இதை நான்காம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

சட்டத்தின் காவலும் இங்கே ஓரளவுதான் எட்டுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என வரையறுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலின்றி அவர்களது தரவைக் கையாளக்கூடாது என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்றும் கூறுகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆனால் தந்தையின் கணக்கில் இயங்கும் கைபேசியைக் குழந்தை கையில் எடுக்கும்போது, நிறுவனத்தின் பதிவேட்டில் அதைப் பயன்படுத்துபவர் முப்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர். அவருக்குரிய விளம்பரமும் காணொளியுமே குழந்தையின் கண்முன் வருகின்றன. சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் இந்த ஓட்டையை வீடும் பள்ளியும்தான் அடைக்க முடியும்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் இருக்கமுடியாது. கைபேசிவழிப் பணப்பரிமாற்றத்தில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்ற ஒரு செய்தியை ஐந்தாம் வகுப்புக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோனால், ‘பரிசு விழுந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்’ என்ற அழைப்பிலிருந்து அப்பத்தாவின் கணக்கும் தப்பும். பணத்தைவிட, விளையாட்டுச் செயலிக்குள் அறிமுகமாகிப் படம் கேட்கும் அந்நியரைப் பற்றிப் பேசுவதுதான் ஆசிரியருக்குக் கடினமானது. ஒரு குழந்தையைப் பாலியல் நோக்குடன் மின்னணுவழியில் தொடர்ந்து தொடர்புகொள்வது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். ஆனால் நடந்ததைச் சொன்னால் கைபேசி பறிபோகும், அடியும் விழும் என்று அஞ்சும் குழந்தை வாய்திறக்காது. மிரட்டுபவரின் பலமும் அந்த மௌனமே. ஆகவே சொன்ன குழந்தையைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதைப் பெற்றோருக்குக் கற்பிப்பது, குழந்தைக்குக் கற்பிப்பதைவிட அவசரமானது.

இங்கிலாந்து 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலேயே கணினியியலைக் கட்டாயப் பாடமாக்கி, சொந்த விவரங்களைக் காப்பதையும் சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்பதையும் அந்த முதல் நிலைப் பாடத்திலேயே சேர்த்தது. ஆனால் நம் ஈராசிரியர் பள்ளிகளில் தனிக் கணினி ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. எனவே இதை வகுப்பாசிரியரே தமிழ், கணக்கு வகுப்புகளினூடே நடத்தும்படி அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காகத் தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த ஏற்பாடு மாநிலமெங்கும் ஏற்கெனவே இருப்பதால், புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இயங்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். அடுத்த கூட்டத்தில் அவர்கள் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் போடலாம். குழந்தைகளுக்கான 1098, மாநிலப் பள்ளிக் கல்வி உதவிக்கான 14417, இணைய மோசடிப் புகாருக்கான 1930 ஆகிய மூன்று எண்களையும் குழந்தையின் கண் உயரத்தில், வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கும்படி தலைமையாசிரியரைக் கேட்கலாம்.