ரத்தம் வராத கீறலின் கணக்கு

2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.80 லட்சம்; ரேபிஸில் இறந்தவர்கள் 43 பேர். ஏறக்குறைய 11,000 கடிக்கு ஒரு சாவு. இதைப் பார்த்துத் தைரியம் கொள்வதற்கில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களையும் சேர்த்த விகிதம் இது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுமளவுதான்.

“கடிக்கலைங்க, நகம்தான் பட்டுச்சு” என்று வீட்டோடு முடிந்துபோகிற கீறல்கள்தான் எனக்கு உறுத்தல். நாயும் பூனையும் பாதத்தை நக்குபவை. எச்சில் நகத்திலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ரத்தம் வராத சிறு கீறலும் 2-ம் வகைதான்: கழுவ வேண்டும், தடுப்பூசி போட வேண்டும்.

கழுவ 15 நிமிடம், சோப்பு, குழாய்த் தண்ணீர். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில் இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம், மொத்தம் 0.8 மி.லி. ஒரு மி.லி. குப்பி என்றால் ஒன்றுகூட முழுதாகத் தீராது. தசையில் போட்டால் ஐந்து முறை, ஐந்து முழுக் குப்பி. பிறகு ஏன் எல்லோரும் முதல் முறையையே பின்பற்றுவதில்லை? திறந்த குப்பியை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கூட்டம் வரும் அரசு மருத்துவமனைக்கு அது லாபம். நாளுக்கு ஒருவர் வரும் கிளினிக்குக்கு நஷ்டம்.

அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். போய் வருவது இலவசமல்ல. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் கூலி 336 ரூபாய். நான்கு நாள் போனால் 1,344 ரூபாய், பஸ் செலவு தனி. 28-ம் நாள் ஊசி ஏன் தவறுகிறது என்று கேட்பவர்கள் இந்தத் தொகையையும் பார்க்கட்டும்.

தோல் கிழிந்து ரத்தம் எட்டிப்பார்த்தாலோ கணக்கே மாறுகிறது. 3-ம் வகை, இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருளும் சேர்கிறது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்க இது. குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 அலகு, மனிதரிலிருந்து எடுத்தது 20 அலகு. 60 கிலோ ஆளுக்கு முறையே 2,400, 1,200. அளவில் பாதியான இரண்டாவதுதான் விலையில் பல மடங்கு.

“நாயைப் பத்து நாள் பார்ப்போம்” என்பார்கள். பார்க்கலாம், ஊசியைத் தொடங்கிவிட்டு. பத்தாம் நாளில் நாய் நன்றாக இருந்தாலும், தோலுக்குள் போடும் முறையில் 28-ம் நாள் ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். காத்திருந்து ஏமாந்தால் போவது பத்து நாள்.

முழுதாகப் போட்டவருக்கு மறுபடி கீறல் பட்டால் 0, 3 என இரண்டே நாள், இம்யூனோகுளோபுலின் கிடையாது. போட்டதற்கு ஆதாரம் மருத்துவமனை தந்த அட்டை. அது தொலைந்திருந்தால் திரும்பவும் 0.8 மி.லி., நான்கு நாள், 1,344 ரூபாய்.