குதிரைப் போர் விளையாட்டும் கணிப்பொறி அமைக்கும் எதிரியும்

கணிப்பொறித் திரையில் ஆடப்படும் போர் விளையாட்டுகள் மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளன. அவற்றுள் இடைக்கால ஐரோப்பாவின் குதிரைப் படைப் போரைச் சித்திரிக்கும் விளையாட்டுகள் தனியிடம் பெற்றவை. அவை உண்மைப் போரை அப்படியே காட்டுகின்றன என்று ஆடுவோர் கூறுவதுண்டு. அவ்வாறு கூறும் மாணவனுக்கு ஆசிரியர் யாது விடை தருவது? விளையாட்டில் எப்பகுதி பௌதிக விதிகளைத் தழுவியது, எப்பகுதி ஆடுவோனின் வசதிக்காக வளைக்கப்பட்டது என்று பிரித்தறியாவிடில் மாணவன் கற்றுக்கொள்வது வரலாறும் ஆகாது, விஞ்ஞானமும் ஆகாது. விளையாட்டைக் கடிந்து ஒதுக்குவதாலும் அவ்வேறுபாடு புலப்படப் போவதில்லை.

இத்துறையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தக்கது ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ என்னும் விளையாட்டு. துருக்கியின் தலைநகரான அங்காராவைச் சேர்ந்த டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் இதனை 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் முழுமையாக வெளியிட்டது. அர்மகான் யாவுஸ், அவர்தம் மனைவியார் இபெக் யாவுஸ் ஆகிய இருவரின் முயற்சியில் தொடங்கிய படைப்பு இது. இதன் திருந்திய வடிவமான ‘வார்பேண்ட்’ 2010-இலும், அடுத்த பெரும் பதிப்பான ‘பேனர்லார்ட்’ முன்னோட்டமாக 2020-இலும் முழுமையாக 2022-இலும் வெளிவந்தன. களம் கால்ரேடியா என்னும் கற்பனை நாடு. ஆனால் வாள், ஈட்டி, கேடயம், சங்கிலிக் கவசம் முதலியவை இடைக்கால மாதிரியில் அமைந்தவை. மந்திரமோ பூதமோ இதில் இல்லை.

இவ்விளையாட்டின் சிறப்பு, ஓர் அடியின் வலிமை அடிக்கும் வேகத்தைப் பொறுத்து மாறுவதாகும். வாளுக்கென ஒரு குறிப்பிட்ட எண் உண்டெனினும், தாக்குவோனும் தாக்கப்படுவோனும் ஒருவரையொருவர் எவ்வேகத்தில் நெருங்குகின்றனர் என்பது கணக்கில் சேர்க்கப்படுகிறது. எதிரெதிரே பாய்ந்துவரும் இருவருள் ஒருவன் பெறும் அடி மிகக் கொடியது. புறமுதுகிட்டு அதே வேகத்தில் ஓடுபவனைப் பின்னின்று வெட்டினால் அவ்வடி வலுக்குறைந்தே விழும். சார்பு வேகம் என்று பௌதிக நூல்கள் கூறுவது இதுவே. பாடநூலில் இரு புகைவண்டிகளைக் கொண்டு விளக்கப்படும் இக்கருத்தை, இவ்விளையாட்டை ஆடும் சிறுவன் பெயர் அறியாமலே கையாளுகிறான்.

கக்கத்தில் இடுக்கிய ஈட்டியால் தாக்குதலை நோக்குக. 1066-இல் நிகழ்ந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பாயோ திரைச்சீலையில், சில வீரர் ஈட்டியைத் தலைக்குமேல் ஓங்கியும், சிலர் எறிய முற்பட்டும், சிலர் கக்கத்தில் இடுக்கியும் காணப்படுகின்றனர். பிற்காலத்தில் மூன்றாம் முறையே ஐரோப்பிய வீரரின் தனி முறையாக நிலைத்தது. ஈட்டியைக் கையால் மட்டும் செலுத்தினால் கையின் வலுவே முனையில் சேரும். கக்கத்தில் இடுக்கி, உயர்ந்த சேணத்திலும் அங்கவடியிலும் உடலை இருத்திக்கொண்டால் குதிரையின் வேகமும் அதனுடன் சேரும். குதிரையும் வீரனும் சேர்ந்து 500 கிலோகிராம் எடையெனவும், வேகம் வினாடிக்கு 8 மீட்டர் எனவும் கொள்க. அவ்வியக்கத்தின் சக்தி 16,000 ஜூல் ஆகும். இது முழுவதும் ஈட்டி முனையில் இறங்குவதன்று. வீரனின் கை பின்வாங்கும், உடல் சேணத்தில் அசையும், ஈட்டியின் தண்டு வளையும், பெரும்பாலும் முறியும். எனவே எதிரியைச் சேர்வது ஒரு சிறு பகுதியே. அதுவே ஒரு மனிதனைக் குதிரையினின்று வீழ்த்தப் போதுமானது.

‘வார்பேண்ட்’ விளையாட்டில் குதிரை போதிய வேகம் பெற்றதும் ஈட்டி தானே தாழ்ந்து நிலைகொள்ளும். குறி தப்பாவிடின் எதிரி பெரும்பாலும் ஒரே தாக்குதலில் வீழ்வான். இதுவரை பொருத்தமே. ஆனால் ஈட்டி முறிவதில்லை! கேடயம் அடிபட்டுச் சிதறும். ஈட்டியோ நூறு பேரைக் குத்தினும் புதியதாகவே இருக்கும். ஈட்டி ஒரு மோதலுக்கே பயன்பட்டு, பின் வாளை உருவ நேர்ந்த வீரரின் நிலை இங்குக் காணப்படாது. வீரனின் களைப்பும் கணக்கில் இல்லை. கவசமணிந்தவன் இடையறாது வாள் வீசலாம்.

காலாள் வரிசையைக் குதிரைப் படை எதிர்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. 1302-இல் கூர்த்ரே என்னுமிடத்தில் பிளாண்டர்ஸ் நாட்டு நகரக் காலாட்கள் பிரெஞ்சு வீரரின் குதிரைப் படையை முறியடித்தனர். 1314-இல் பானக்பர்ன் களத்தில் ஸ்காத்லாந்தின் நீளீட்டி அணிகளும் ஆங்கிலேயக் குதிரைப் படைக்கு எதிராக அவ்வாறே செய்தன. அசையாது நிற்கும் ஈட்டி வேலியில் குதிரை எளிதில் பாயாது. விளையாட்டில் நீண்ட ஈட்டியின் குத்து குதிரையை முன்னங்கால் தூக்கி நிற்கச் செய்கிறது. எனினும் குத்துப் படுமுன்னரே தயங்கும் குதிரையின் அச்சம் அதில் இல்லை.

இனி எதிரியைப் பற்றிக் காண்போர்க்கு, அவனைக் குதிரைமேல் ஏற்றுவதுதான் கடினமான பகுதி என்பது விளங்கும். நின்று போரிடும் எதிரி ஆடுவோனை நோக்கி நடந்தால் போதும். குதிரைவீரன் ஆடுவோனை நேரே நோக்கிச் செலுத்தினால் குதிரை மோதி நிற்குமேயன்றி ஈட்டி படாது. ஆகவே குறிக்குச் சற்றே பக்கத்தில் உள்ள ஓரிடத்தை அவன் இலக்காகக் கொள்ள வேண்டும். மேலும், ஆடுவோன் இப்போது நிற்கும் இடம் பயன்படாது. சில வினாடிகளுக்குப் பின் எங்கு இருப்பான் என்பதை அவன் செல்லும் திசையையும் வேகத்தையும் கொண்டு முன்கூட்டிக் கணிக்க வேண்டும்.

அக்கணிப்பும் கடைசி நொடியில் பிழைபடலாம். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் குதிரை, பக்கவாட்டில் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் முடுக்கம் பெறக்கூடும் எனக் கொள்க. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தால் வகுத்தால் அது திரும்பும் வட்டத்தின் ஆரம் 16 மீட்டர் என வரும். அரை வினாடியில் அது தன் நேர்வழியினின்று விலகக்கூடியது அரை மீட்டரே. அதே அரை வினாடியில் காலாள் ஒருவன் ஒரு மீட்டர் ஒதுங்கிவிடுவான். ஆதலால் முன்னதாகவே ஒதுங்குபவன் அகப்படுவான். கடைசிவரை நின்று ஒதுங்குபவன் தப்புவான். கணிப்பொறி இயக்கும் ஈட்டி வீரர் அடிக்கடி குறி தவறுவதைக் கண்டு ஆடுவோர் நகைப்பதுண்டு. அத்தவறுகளுள் ஒரு பகுதி நிரலின் குறையே. மற்றொரு பகுதி குதிரையின் இயல்பு. தரையில் நட்ட முளையைப் பாய்ச்சலிலேயே ஈட்டியால் குத்தியெடுக்கும் பந்தயம் இந்தியப் படையில் இன்றும் வழக்கிலுள்ளது. அசையாத முளையைக் குத்தவே நெடும் பயிற்சி வேண்டும் என்பதை அதனைக் கண்டவர் அறிவர்.

கணிப்பொறிக்கு மற்றொரு தனி வசதி உண்டு. அதற்குக் கண் வேண்டுவதில்லை. ஆடுவோன் வாளை மேல், இடம், வலம், நேர்க்குத்து என்னும் நான்கு திசைகளுள் எதில் ஓங்குகிறான் என்பது, அவன் பொத்தானை அழுத்திய கணமே நினைவகத்தில் எண்ணாகப் பதிந்துவிடும். மனிதன் கண்டு செயற்பட ஏறத்தாழ கால் வினாடி ஆகும். எனவே எவ்வடியையும் தவறாது தடுக்கும் எதிரியை அமைப்பது மிக எளிது. அத்தகைய எதிரியுடன் எவரும் இருமுறை ஆடார். ஆகையால் வேண்டுமென்றே தாமதமும் பிழையும் புகுத்தப்படுகின்றன. இதனை ஏமாற்று எனக் கருதுவது தவறு. மனிதனுக்கு இயல்பாக உள்ள குறைகளை யந்திரத்துக்கும் அளிப்பதே இங்கு உண்மைத்தன்மைக்கு வழியாகும்.

‘வார்பேண்ட்’ ஆடுவோன் கடினத்தை இரு வழிகளில் மாற்றலாம். எதிரியின் போர்த்திறனைக் குறைந்தது, நடுத்தரமானது, நல்லது என மூன்று படிகளில் அமைக்கலாம். அல்லது தன்மேல் விழும் அடியின் விளைவைக் கால் பங்காகவோ அரைப் பங்காகவோ குறைக்கலாம். இரண்டும் ஆட்டத்தை எளிதாக்கும். ஆயினும் இவை ஒன்றல்ல. முதல் வழியில் எதிரி திறமை குன்றியவனாகிறான். ஈட்டியும் குதிரையும் இயங்கும் விதிகள் மாறுவதில்லை. இரண்டாம் வழியில் ஒரே வேகத்தில் வரும் ஒரே ஈட்டி எதிரியைக் கொல்கிறது. ஆடுவோனைக் கீறிச் செல்கிறது. ஈட்டி வரிசையை நோக்கித் தனியே பாய்வது நல்ல உத்தி என்று மாணவன் நம்பத் தொடங்குவது இரண்டாம் அமைப்பினாலேயே. புதிதாக ஆடுவோன் அடியின் விளைவை முழுமையாக வைத்து, எதிரியின் திறனைத் தாழ்த்தித் தொடங்குவதே தக்கது.

செக் நாட்டின் பிராகா நகரத்து வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ மூன்றாவது ஒரு வழியையும் காட்டுகிறது. 1403-ஆம் ஆண்டின் பொஹீமியாவைக் களமாகக் கொண்ட இதில் வீரனும் குதிரையும் களைப்படைவர். பின்னர்ச் சேர்க்கப்பட்ட கடின முறையில், வரைபடத்தில் ஆடுவோன் நிற்கும் இடம் காட்டப்படுவதில்லை. நெடுவழியை நொடியில் கடக்கும் வசதியும் இல்லை. இங்கு ஆடுவோனுக்குக் கிடைக்கும் தகவலும் குறைக்கப்படுகிறது. களப் பணியாளர்க்கு இது புதிதன்று. தெரியாத நிலத்தில் வரைபடத்துடன் நின்று தாம் இருக்கும் இடத்தைத் தாமே கண்டறிய நேர்ந்தவர்கள் அவர்கள்.

பள்ளி மைதானத்தில் இதனைச் சோதிக்கலாம். கயிற்றில் ஒரு காகித வளையத்தை மார்பு உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு மீட்டர் நீளமுள்ள, முனையில் துணி சுற்றிய கோலுடன் மாணவர் அதனைக் கடந்து செல்லட்டும். ஒருமுறை நடந்தும் ஒருமுறை ஓடியும் பத்துப் பத்துத் தடவை முயன்று, பட்டவற்றைக் கரும்பலகையில் குறிக்கட்டும். அடுத்து மற்றொரு மாணவன் எட்ட நின்று கயிற்றைப் பிடித்து, ஓடுபவன் அணுகும் கடைசி நொடியில் வளையத்தை ஒரு முழம் பக்கவாட்டில் இழுக்கட்டும்.